பாதர் கையெழுத்திட்ட வீதி

எங்கள் ஒழுங்கைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று முதலில் கத்தியவள் நான்தான். மாதர் சங்கத் தலைவி சின்னத்தங்கம் அக்கா தான்தான் கத்தியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அவள் கத்தியது இரண்டாவதாக, ஆனால் சத்தம் கூட. அதனால் அந்தப் பெருமையை அவளிடமே விட்டுவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு வாவிப் பக்கமாக மூன்று நிறுவனங்கள் எங்களுக்கு வீடு கட்டித் தந்தன. மூன்றும் ஒன்றோடொன்று பேசாத நிறுவனங்கள். ஆளுக்கொரு மூலையில் கட்டி, ஆளுக்கொரு விதமாகச் சுண்ணாம்பு அடித்து, குறுக்குத் தெருக்களை மட்டும் எல்லாரும் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே எங்கள் ஊரில் மூன்றாம் குறுக்கு மூன்று, எங்கள் ஒழுங்கை அதில் ஒன்று. மூன்றிலும் பன்னிரண்டாம் இலக்க வீடு உண்டு, அதில் ஒன்று என்னுடையது. தபால்காரர் அன்றைக்கு எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிறாரோ, அந்தப் பன்னிரண்டுக்குக் கடிதம்.

என் தம்பி திவாகரன் யுத்தம் முடிந்த மாதம் பிடிபட்டு, புனர்வாழ்வு முகாமில் இருந்தான். இன்ன திகதிக்கு உறவினர் வந்து பொறுப்பெடுக்கலாம் என்று கடிதம் வந்தால்தான் அவன் வீடு வரலாம். கடிதம் வந்தது. அடுத்த மூன்றாம் குறுக்குப் பன்னிரண்டுக்கு, படகுகளுக்குப் பெயின்ற் அடித்துப் பெயர் எழுதும் சாமித்தம்பி அண்ணன் வீட்டுக்கு வந்தது. அண்ணனுக்குச் சிங்களம் தெரியாது. அரசாங்க முத்திரை இருந்ததால், மரியாதையாகப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான், முத்திரையைக் கண்டால் சாமிப் படம்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றியபோது கடிதம் விழுந்தது. திகதி போய் ஏழு கிழமை. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு வந்து என் வாசல் படலையில் நின்று அழுதார். அழுகிற மனிதனை எப்படி ஏசுவது? ஏசினேன். ஒரு மணித்தியாலம் ஏசினேன்.

அதற்குப் பிறகு, கடிதங்கள் மிஷன் வீட்டு விலாசத்துக்கு வரட்டும், தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறேன் என்று பொறுப்பெடுத்தவர் மாதா கோயில் பாதர் சந்தியாப்பிள்ளை. ஆறு மாதம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் அவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் என்று செய்தி வந்தது. அடுத்த கடிதமும் பிள்ளையாருக்குப் பின்னால் போனால் என் தம்பி இன்னும் எத்தனை மாதம் கிடப்பான்?

"பாதர்ட பேரையே ஒழுங்கைக்கு வைப்பம் கா! அப்ப கடிதம் எங்கயும் தவறாது," என்று மாதர் சங்கக் கூட்டத்தில் கத்தினேன். சின்னத்தங்கம் அக்கா அதையே திரும்பக் கத்தினாள். மேசை தட்டல், கைதட்டல், தேத்தண்ணி கொட்டுப்பட்டது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வேதக்காரரும் இல்லை, எல்லாரும் பிள்ளையார் கும்பிடுகிற ஆட்கள். ஆனால் யார் மறுத்துப் பேசுவார்கள்? சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்கு ரசீது தரும்வரை ஆமி முகாம் வாசலில் கதிரை போட்டுக் குடை விரித்து உட்கார்ந்த மனிதர் அவர். ஒரு தடவை இரண்டு பகல் உட்கார்ந்தார். அலை வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசையை அரைவாசியில் விட்டு உழவு இயந்திரத்தில் எங்களை ஏற்றினார். நான்கு மாதம் கோயில் மண்டபத்தில் வைத்துச் சோறு போட்டார். அலையில் செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு ஐயரை அவரே போய்க் கூட்டிவந்து, மாதா சிலைக்கு முன்னால் எங்கள் சடங்கைச் செய்ய இடம் விட்டார். பெரிய மனிதர். கோபக்காரரும்தான்.

"என்ட பேரா? உங்களுக்கு விசரா பிள்ள? முதல்ல அந்த ஒழுங்கைக்கு ஒரு வடிகான் வெட்டுங்க!" என்று விரட்டிவிட்டார்.

பிரதேச சபைக்குப் போனோம். அங்கிருந்த லிகிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆள் உயிரோட இருந்தா அவர்ட சம்மதக் கையெழுத்து வேணும். செத்திருந்தாப் பிரச்சினை இல்ல."

"அதுக்கு நாங்க என்ன ஐயா செய்யேலும்?" என்று சின்னத்தங்கம் அக்கா உண்மையான கவலையோடு கேட்டாள். லிகிதர் கொஞ்சம் பயந்துவிட்டார்.

வழி எனக்குத்தான் தோன்றியது. சண்டைக் காலத்திலிருந்து பாதருக்கு ஒரு பழக்கம். ஒரு பெண் அழுதுகொண்டு கடதாசி நீட்டினால் வாசிக்கமாட்டார். வாசிக்கிற நேரத்தில் ஆமியின் சென்றிச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள் என்று, மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியில் வைத்தே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தருவார். சென்றி போனது, பழக்கம் போகவில்லை. சின்னத்தங்கம் அக்காவுக்கோ அழுகை குழாய்த் தண்ணீர், திருகினால் வரும்.

அவள் அழுதாள். நான் கடதாசியை நீட்டினேன். பாதர் பேனாவைத் திறந்தார்.

"ஆருக்குப் பிள்ள இது?"

"ஒரு வயசான மனிசனுக்குப் பாதர். நல்ல ஆள், ஆனா சரியான பிடிவாதம்."

"கடவுள் அவனுக்கு நல்ல புத்தி குடுக்கட்டும்," என்று சொல்லி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் இரண்டு தரம் குத்தினார். அங்கிருந்து சந்தி வரைக்கும் நாங்கள் சிரிப்பை வாயில் பொத்திக்கொண்டு நடந்தோம். சந்தியில் சின்னத்தங்கம் அக்கா வீதியோரத்திலேயே குந்திவிட்டாள்.

பலகையைச் சாமித்தம்பி அண்ணன் காசு வாங்காமல் எழுதினார். நீலத்தில் வெள்ளை எழுத்து, இரண்டு முனையிலும் இரண்டு மீன். படகுக்கு எழுதிப் பழகிய கை அல்லவா, கடைசியில் அடியில் 'துணை' என்றும் போட்டுவிட்டார். அழிக்க நேரமில்லை, விட்டுவிட்டோம்.

பாதர் பயணம் போகிறதுக்கு முதல் நாள், ஒழுங்கையில் பெரிய அடிபிடி என்று ஆளனுப்பினோம். சண்டை என்றால்தான் அவர் பறந்து வருவார். வந்தார். நிறைகுடம் வைத்திருந்தோம், சின்னத்தங்கம் அக்காவின் கூறைச் சேலையால் பலகையை மூடியிருந்தோம். அவர் இறங்கியதும் நாற்பது பெண்கள் சேர்ந்து குரவை போட்டோம். கோழிகள் வாவிப் பக்கம் ஓடின.

சேலையை இழுத்துப் பார்த்தார். வாசித்தார். முகம் சிவந்தது. "ஆர்ட வேல இது? ஆர் சம்மதிச்ச?"

கடதாசியைக் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்தார். இரண்டு முத்திரையையும் பார்த்தார். "நல்ல புத்தி குடுக்கட்டும்" என்று தான் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

போகும்போது மட்டும் விரலை நீட்டினார். "சிரிச்சதால சம்மதம் எண்டு நினைக்காதீங்க. என்ட கையால இந்தப் பேர ஒரு காலமும் எழுதமாட்டன். கடிதம் போட்டா மூண்டாம் குறுக்கு எண்டுதான் போடுவன்."

"போடுங்க பாதர், பிள்ளையார் வாசிப்பார்," என்றேன். சாமித்தம்பி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம், தபால்காரர் எங்கள் ஒழுங்கைக்கு நேரே வந்தார். வேறெந்தப் பக்கமும் திரும்பவில்லை. மீன் கழுவின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். பாதரின் கையெழுத்து. தெய்வமணி என்று என் பெயரையும், இலக்கம் பன்னிரண்டு என்றும் பெரிதாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, வெட்கத்தோடு, எறும்பு அளவில்: பாதர் சந்தியாப்பிள்ளை வீதி.

உள்ளே நாலே வரி. "முகாமுக்குப் போனேன். திவாகரனைக் கண்டேன், மெலிந்திருக்கிறான், சுகம். பதினான்காம் திகதி காலை ஒன்பது மணிக்கு கிராம விதானையாரின் கடிதத்தோடு நீ வர வேண்டும். இது பிள்ளையாருக்குப் பின்னால் போகக்கூடாது என்பதற்காக மட்டுமே அந்தப் பெயரை எழுதினேன், கோபத்தோடுதான் எழுதினேன்."

உள்ளே ஓடிக் கலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு மூன்றாம் திகதி. இன்னும் பதினொரு நாள் இருந்தது.

வாசலுக்கு வந்து தனியாக நின்று குரவை போட்டேன். முதலில் சின்னத்தங்கம் அக்கா வீட்டிலிருந்து பதில் குரவை வந்தது. பிறகு வீடு வீடாக, பலகை நிற்கிற முனை வரைக்கும்.