தலைவர் கற்ற ஒரே வார்த்தை

எங்கள் நெசவாளர் சங்கத் தலைவர் கோதண்டபாணி ஸ்பானிஷ் மொழியில் ஒரே ஒரு வார்த்தைதான் கற்றார். அதற்கே ஒரு தெரு இந்தப் பாடு பட்டது. இரண்டு கற்றிருந்தால் காஞ்சிபுரத்தையே மறுபடி கட்ட வேண்டி வந்திருக்கும்.

எழுபத்தொன்றாம் வருஷம். மெக்சிகோவிலிருந்து ஒரு அம்மாள் பட்டுத்தறி பார்க்க வருகிறார் என்று மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது. தலைவர் உடனே அந்தோணியைக் கூப்பிட்டனுப்பினார். அந்தோணி கப்பலில் சமையல்காரனாக இருந்து, தென்னமெரிக்கத் துறைமுகங்களிலெல்லாம் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா கடை போட்டிருந்தான்.

"ஒரு வார்த்தை போதும்பா. எல்லாத்துக்கும் பொருந்தணும்."

"அப்டின்னா பெர்தோன், தலைவரே. மன்னிப்புன்னு அர்த்தம்."

தலைவர் முகம் சுருங்கியது. "நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

"சும்மா மரியாதைக்குத்தான். கூட்டத்துல வழி வேணும்னா பெர்தோன். அவங்க சொன்னது காதுல விழலன்னா பெர்தோன். நடுவுல பேசணும்னாலும் அதான். கால மிதிச்சிட்டாலும் அதான். வருத்தப்பட்டுத்தான் சொல்லணும்னு இல்ல."

கடைசியில் சொன்னது தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் ஒத்திகை நடந்தது. சாப்பிடும்போது மனைவி அலமுவைப் பார்த்து, "பெர்தோன்" என்றார். அந்தம்மாள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார்.

மெக்சிகோ அம்மாள் வருகிற அன்றைக்குத்தான் நெசவாளி தர்மன் தெருவில் பாவு போட்டிருந்தான். விடியலிலேயே தெரு நீளத்துக்கும் பட்டு இழையை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அவனும் அவன் மனைவி செல்லியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் நீவிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி காய்கிற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. ஈரத்தோடு சுருட்டினால் இழைக்கு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது பட்டு இல்லை, தேங்காய் நார். பட்டு சங்கத்துடையது. பாவு பாழானால் அடுத்த பாவு கிடையாது, தறி சும்மா கிடக்கும். எங்கள் தெருவில் பாவு நின்றால் பிள்ளையார் ஊர்வலமே சுற்றிக்கொண்டு போகும்.

தலைவர் பிள்ளையார் இல்லை.

"சுருட்டுப்பா. காரு வருது."

"மேகமா இருக்குது தலைவரே, இன்னும் காயல. அந்தம்மா தெருமுனையில எறங்கி நடந்து வரட்டுமே."

"மெக்சிகோலருந்து இங்க நடக்கவா வராங்க?"

தலைவரோடு வந்திருந்த ஆட்கள் அவிழ்த்தார்கள். செல்லியம்மாள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அதையும் பிடுங்கினார்கள். ஈரப் பட்டு சுவரோரம் குவிந்தது.

கார் வந்தது. மாலை விழுந்தது. தலைவர் போட்டோக்காரனை விலக்க பெர்தோன் சொன்னார், தும்மிவிட்டு பெர்தோன் சொன்னார், சும்மா நின்ற இடத்திலும் இரண்டொன்று சொன்னார். அந்த அம்மாளும் சந்தோஷமாகத்தான் சிரித்தார். தறி வீட்டுக்குள் திரும்பும்போது அவர் செருப்பு அந்தக் குவியலில் மாட்டிக்கொண்டது. காலை எடுத்தார், இழை கொத்தாகக் கூடவே வந்தது. அவர் பதறிப்போய்த் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெர்தோன், பெர்தோன்" என்றார். தலைவர் கோயில் குருக்கள் மாதிரி கையை உயர்த்திப் புன்னகைத்தார்.

தர்மன், வேடிக்கை பார்க்க வந்திருந்த அந்தோணியின் பக்கம் நகர்ந்தான். "இன்னாபா சொல்லிச்சி அந்தம்மா?"

"மன்னிப்பு கேட்டாங்கண்ணா."

"யாராண்ட?"

"தலைவராண்ட."

"அவரு?"

"மன்னிச்சிட்டாரு."

புருஷனும் பெண்சாதியும் அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தார்கள். சீப்பில் வந்த முடி மாதிரி, இழுத்த இடமெல்லாம் அறுந்தது. அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடி, சங்கத்துப் பட்டை அஜாக்கிரதையாகப் பாழாக்கியது தர்மன்தான் என்று முடிவு செய்தது. தலைவர் இரக்கமுள்ளவர். ஆளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாலு பேர் முன்னால ஒரு மன்னிப்பு கேளு. கேட்டுட்டு அடுத்த பாவ எடுத்துக்கினு போ. நான் கெட்டவன் இல்லப்பா."

வாசலில் செல்லியம்மாள் பாவு வாங்கிப் போகத் துணியோடு நின்றிருந்தாள். தர்மன் வாயைத் திறந்தான். தமிழில் அது வரவில்லை. தலைவர் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வருத்தப்பட்டுத்தான் சொல்லணும்னு இல்ல என்று அந்தோணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானே, அது தர்மனுக்கு ஞாபகம் வந்தது.

"பெர்தோன்" என்றான்.

குழுவினர் தலைவரைப் பார்த்தார்கள், கோபப்படுவதா சிரிப்பதா என்று. தலைவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லயே. ஆனா அந்த 'ர'வை இன்னும் கொஞ்சம் உருட்டணும்பா. எங்க, இன்னொரு தரம் சொல்லு."

தர்மன் சொன்னான்.

"நாக்க மடக்கு. பெர்ர்தோன். ம், சொல்லு."

தலைவருக்குத் திருப்தியாகிற வரைக்கும் சொன்னான். பிறகு பாவு கொடுத்தார்கள்.