வேனில் சொல்லக் கூடாதவை

அந்த அட்டையில் ஏழு வரிகள் இருந்தனவா, எட்டா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. அதிலிருந்த ஒன்றை நான் சொல்லிவிட்ட அன்று லேசாக மழை தூறியதாகவும் ஒரு ஞாபகம். போன வாரம் சகாயராணி அக்காவிடம் போனில் கேட்டேன். "ஆடி மாசத்துல ஏதுடா மழ? புழுக்கம் தாங்காம ஜன்னல்ல தலைய வுட்டுக்கினு வந்தோம்" என்றார். அவர் சொல்வதே சரியாக இருக்கும். மழையை நானே பிறகு சேர்த்திருப்பேன்.

சேதராப்பட்டில் பற்பசைக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது வேலை பார்த்தோம். காலை ஷிப்டுக்கு ஒரு பழைய வேன் வரும். பண்டசோழநல்லூரில் நான் ஏறுவேன். வில்லியனூரில் பாதிப் பேர் ஏறுவார்கள். பத்துக்கண்ணு தாண்டி, ஊசுடு ஏரிப் பக்கமாகப் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அட்டையை ஆரம்பித்து வைத்தது சகாயராணி அக்காதான். பேக்கிங்கில் மூத்தவர். ஒருநாள் இரண்டு மிஷினை அவர் ஒருத்தர் தலையிலேயே கட்டிவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றிருக்கிறார் சூப்பர்வைசர். அக்கா வேனில் ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வூட்லயும் அட்ஜஸ்ட், ஆஸ்பத்திரிலயும் அட்ஜஸ்ட். இந்த வண்டிலயாவது அந்த வார்த்தைய எவனும் சொல்லக் கூடாது. சொன்னா எறக்கி வுட்டுருவேன்."

மறுநாள் சுவேதா ஒரு பெட்டி அட்டையைக் கிழித்து, மார்க்கரில் அதை எழுதி, டிரைவர் சீட்டின் பின்னால் கட்டினாள். எங்களில் சின்னவள் அவள். இரண்டாவது வரியாகத் தன்னுடையதையும் எழுதினாள்: 'காலாகாலத்துல'. கல்யாணப் பேச்சு அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது என்றாள்.

பிறகு ஆளுக்கொன்று. டிரைவர் கோவிந்தராஜ் அண்ணன், "எங்க வந்துனு கீற" என்பதை எழுதச் சொன்னார். "ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு போன் பண்றானுங்க. ரோட்டுலதான்பா வந்துனு கீறேன், ஆகாசத்துலயா?" மிஷின் ஆபரேட்டர் முத்துசாமிக்கு 'அப்புறம்'. போனில் பேச ஒன்றும் இல்லாதபோது அவருடைய மச்சான் அதையே பத்துமுறை சொல்வாராம்.

நான் புத்தகம் படித்துக்கொண்டு வருவேன். படிக்காதபோதும் பேச மாட்டேன். "நவநீதா, உன்னுது இன்னாடா?" என்று அக்கா கேட்டார். யோசித்துச் சொன்னேன்: "ஏன் உம்முனு வர?"

"அத நாங்கதானடா கேக்குறோம்" என்றார் முத்துசாமி. வேன் சிரித்தது. ஆனாலும் எழுதினார்கள்.

கீதாஞ்சலி வில்லியனூரில் ஏறுகிறவள். அவள் சொன்னது 'பாத்துக்கலாம்'. அவளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது அவள் அப்பா பாத்துக்கலாம் என்றார். கடைசித் தேதி போய்விட்டது. வேலை நிரந்தரமாகுமா என்று மூன்று வருடமாகக் கம்பெனியில் கேட்டாள். அங்கும் அதே பதில்.

"இல்லன்னு சொல்லட்டும். அழுதுட்டு, சோறு துன்னுட்டு தூங்கிருவேன். பாத்துக்கலாம்னு சொன்னா தூக்கமே வரமாட்டுது" என்றாள்.

விதிகள் தானாக வளர்ந்தன. அட்டையில் இருப்பதைச் சொன்னவர் சீட்டை விட்டு எழுந்து, டிரைவர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் பெட்டிமேல் உட்கார வேண்டும். அது சூடாக இருக்கும். கம்பெனி கேட் வரைக்கும் எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பிக்க ஒரு வழியும் உண்டு. அடுத்த வேகத்தடை வருவதற்குள், அதே விஷயத்தை வேறு வார்த்தையில் ஒழுங்காகச் சொல்லிவிட்டால் தண்டனை கிடையாது. பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் தப்பித்தார்கள். ஒழுங்காகச் சொல்லும்போதுதான் உண்மை வெளியே வந்து, இன்னும் அதிகமாகச் சிரிப்போம்.

கீதாஞ்சலி என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். முதலில் அது காலியாக இருந்த சீட், பிறகு அவளுடைய சீட். என் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கம் படித்துவிட்டு, விரலை அடையாளமாக வைத்தபடியே திருப்பித் தருவாள். நான் விரலை மாற்றி வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். இரண்டு வருடம் அப்படியே போனது. பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வீராம்பட்டினம் தேருக்கு முந்தின நாள் அது. மறுநாள் லீவு. வேன் முழுக்க தேர்ப் பேச்சு. அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நாளைக்கு வூட்டுக்கு ஆளு வராங்க. கடலூர்லேர்ந்து. ஆடின்னுகூட பாக்கல."

நான் புத்தகத்தை மூடினேன்.

"எங்கப்பா கேட்டா சரின்னுதான் சொல்லணும். சொல்லாம இருக்கணும்னா அதுக்கு முன்னாடி யாராவது வந்து அவர்கிட்ட பேசணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னிக்கி சாயந்திரம் நீ வர்றியா?"

என் அக்கா சரண்யாவுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு முன்னால் எனக்கு என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் எதையும் நாலு நாள் மனசில் போட்டுப் புரட்டுகிறவன். கீதாஞ்சலி கொடுத்ததோ அன்று சாயங்காலம் வரைதான்.

"பாத்துக்கலாம்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். பின் சீட்டில் இருந்த முத்துசாமிக்குக் கேட்டுவிட்டது. "சொல்ட்டான்பா, சொல்ட்டான். வாயே தொறக்காதவன் மாட்டிக்கினான்."

எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று ஒருவருக்கும் தெரியாது. "பெட்டி ரெடியா கீது, வா ராஜா" என்றார் கோவிந்தராஜ் அண்ணன். "இருங்கப்பா, வேகத்தட வரட்டும், அவன் வேற மாதிரி சொல்லட்டும்" என்றாள் சுவேதா.

பத்துக்கண்ணு வேகத்தடைக்கு இன்னும் தூரம் இருந்தது. கீதாஞ்சலி என் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேகத்தடை வருவதற்கு முன்பே நான் எழுந்து போய் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

தண்டனை என்று பெயர். எனக்கு அது ஒரு விடுதலையாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள், நானும் சிரித்தேன். விதிப்படி அவர்களைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் சீட்டைத் தவிர மற்ற எல்லாச் சீட்டையும் பார்த்தேன்.

சாயங்காலம் வில்லியனூரில் அவள் இறங்கினாள். ஒரு நிமிடம் படிக்கட்டருகே நின்றாள். கோவிந்தராஜ் அண்ணன் ஹாரன் அடித்ததும் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் சுவேதா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அந்த வாரம் புத்தகத்தைத் திறக்கவில்லை. யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அட்டையில் எழுதச் சொன்னவன் நான்தானே. ஐப்பசியில் கடலூரில் கல்யாணம். அதே வேனில் எல்லோரும் போனோம். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நான்கு வருடம் கழித்து, ஊரடங்கில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. வேனும் நின்றுபோனது. கோவிந்தராஜ் அண்ணன் பாகூரில் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். முத்துசாமி போன வருடம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். சகாயராணி அக்கா சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். சுவேதா சேதராப்பட்டிலேயே வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர், இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அக்கா திருபுவனையில் இருக்கிறாள். கீதாஞ்சலிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கடலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. நான் அனுப்பிரியாவைக் கட்டிக்கொண்டேன். எங்களுக்கு ஒரு மகன். அதே கம்பெனிக்குத்தான் பைக்கில் போய்வருகிறேன்.