நேசமணியின் வியாழக்கிழமை

போரில் அடிபட்டு ஒஸ்லோ வந்த கறுப்பின இளையோருக்கு மனநலம் பற்றிப் படிப்பிக்க, 2004இல் நகர்ப்பகுதி அலுவலகம் குகதாசனைத் தேர்ந்தெடுத்தது. யாழ்ப்பாணத்தார்தான், ஆனால் போர் பார்த்திருக்கிறார், நிறமும் போதும் என்று முடிவாயிற்று.

அமைதி தலைக்கு நல்லதென்று சொல்லி அலுவலகம் ஓர் அறை கொடுத்தது. கம்பளம் அவ்வளவு தடிப்பு, உள்ளே தும்மினால் வெளியே வந்துதான் கேட்கும். ஐந்து கிழமையாக ஒருவரும் பத்து நிமிடம் தாண்டவில்லை. ஆறாம் கிழமையும் எவரும் வாய் திறக்காவிட்டால் வகுப்பை மூடுவார்கள்.

குகதாசனின் கவலை யோனாஸ்தான். எரித்திரியப் பொடியன், இருபத்திரண்டு வயது. போரில் இழந்த அண்ணனைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு சொல் சொன்னதில்லை, நித்திரையும் இல்லை.

"சத்தமே இல்லை. அடுத்தது எப்ப விழும் எண்டுதான் காது பாக்குது," என்றான்.

குகதாசனுக்கு விளங்கியது. ஷெல் கூவி நின்ற பிறகு வரும் அமைதி அவருக்கும் தெரியும்.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் அவருடைய மாடிக்கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கும் அறை, எப்போதும் இரைச்சல். சுவரில் முறைப்பட்டியல். வியாழன் நாலு மணி, வகுப்பு நேரம், மேல்மாடி நேசமணியுடையது. வகுப்பை அங்கே வைக்க அந்த முறையைத் தரச்சொல்லிக் கேட்டார்.

"என்ரை மோளின்ரை கலியாணத்தண்டும் இந்த முறையை விடேல்லை, குகதாசன்!"

"ஒரு கிழமைக்கு மட்டும், அக்கா."

"அப்ப என்ரை படுக்கை விரிப்பைத் தோய்ச்சுத் தாரும்."

ஆறாம் கிழமை வகுப்பே அங்கே கூடித் தோய்த்தது. இயந்திரம் சுழன்ற வேகத்தில் அது கதவை நோக்கி நடக்கத் தொடங்கியது; ஹோடன் என்ற சோமாலியப் பெண் மேலே ஏறி இருந்துதான் அதை மறித்தாள். இருந்தபடியே தன் கதையைக் கத்திச் சொன்னாள். யோனாஸும் கத்தினான். அண்ணனின் பெயர் தெஸ்பாய்.

இயந்திரம் நின்றது. அவன் வாயும் நின்றது.

விரிப்பெடுக்க வந்த நேசமணி அவன் முகத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்றிருந்த விரிப்பையும் பார்த்தார்.

"ஊத்தை போகேல்லை, தம்பி. திரும்பப் போடும்."

நான்கு தரம் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த விரிப்புக்குள்ளால் பத்திரிகை வாசிக்கலாம்.

வகுப்பு பிழைத்தது. இளையோர் பேசத் தொடங்கியது கம்பளத்தின் பலனே என்று அலுவலகம் அறிக்கை எழுதி, இன்னொரு கம்பளமும் அனுப்பியது. அடுத்த வியாழனும் நேசமணி முறையை விட்டுக்கொடுக்க, குகதாசன் அதை இயந்திரத்துக்குள் திணித்தார்.

தோய்ந்து முடிய இரண்டு மணித்தியாலம். தெஸ்பாயின் கதையை யோனாஸ் சொல்லி முடிக்க அது காணுமாயிருந்தது. கடைசிப் பகுதியை, இயந்திரம் நின்ற பிறகும் சொன்னான்.