கடைசி ஸ்டாப்

“உனக்கும் பாத்துடலாமா?” என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒன்பதாவதோடு நின்றவள் நான். வகுப்பிலும் கேள்வி வந்தால் பக்கத்துப் பெண்ணைத்தான் பார்ப்பேன்.

அம்மாவின் மறதிக்கு ஒரு மரபணுவும் காரணமாக இருக்கலாம் என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். மூளைக்குள் குப்பை அள்ளுகிற செல்கள் இருக்கின்றனவாம். அந்த மரபணு உள்ளவர்களுக்கு அவை சரியாக அள்ளுவதில்லையாம்.

“எங்கம்மா டிப்போல பஸ் கழுவினவங்க டாக்டர். காய்ச்சல்னாலும் லீவு போட மாட்டாங்க. அவங்க தலைக்குள்ள இருக்கறதுங்க சோம்பேறியா?” என்றாள் அக்கா.

“சோம்பேறி இல்லம்மா. கொழுப்பு சேந்து, வேலை செய்ய முடியாம திணறுதுங்க. சிலசமயம் குப்பையை விட்டுட்டு நல்ல நரம்பையே கடிச்சிடும். உங்க ரெண்டு பேருக்கும் அந்த மரபணு வந்திருக்கலாம். வந்திருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.”

அக்கா கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். “ஊமைக்கோட்டான்! இதுக்காவது வாயைத் திறக்கறாளா பாருங்க,” என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள்.

இன்று ரிசல்ட் வாங்கப் போனவள், மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். வந்ததும் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்த்தாள். நான் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தவற்றையும் எடுத்துத் தேய்த்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி, அவள் அவிழ்த்துப் போட்ட புடவையை மறுபடி கட்டிவிட்டதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சுவரில் சாய்ந்தபடியே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

“என்னாச்சுக்கா?”

குழாயை மூடினாள். “நீதான் தெரிய வேண்டாம்னு சொன்னியே. அப்ப என்னையும் கேக்காத.”

பிறகு ஜன்னலோர நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை கண்ணாடியில் சாய்ந்தது. கண்கள் மூடியிருந்தன, தூங்கவில்லை.

அம்மா துடைப்பத்தோடு வந்தாள். எங்கள் வீட்டில் ஜன்னலோரம் யார் உட்கார்ந்தாலும் இப்போது இதுதான் நடக்கிறது. துடைப்பக் கட்டையால் நாற்காலிக் காலை டொக் டொக்கென்று தட்டினாள். டிப்போவில், தூங்கிப்போன பயணிகளை அப்படித்தான் எழுப்புவாளாம்.

“எழுந்திரும்மா. கடைசி ஸ்டாப்பு. வண்டி ஷெட்டுக்குப் போகுது.”

மற்ற நாட்களில் அக்கா, “நான் பாஸ் வச்சிருக்கேன், ஷெட்டு வரைக்கும் வருவேன்,” என்று வம்பிழுப்பாள். அம்மாவும் விடமாட்டாள். இன்று அக்கா கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நெற்றி, கண், வாய் என்று, கண்ணாடியில் தன்னைப் பார்ப்பவள்போல, நிதானமாக. பிறகு எழுந்தாள்.

அம்மா குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். அங்கே கிடந்த அக்காவின் குடையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“பொருளை விட்டுட்டுப் போறியே கண்ணு. அப்புறம் யாரைப் போய்க் கேப்ப?”

அக்கா குடையை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் கதவுக் கம்பியைப் பிடித்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள்போல ஒரு காலை முதலில் தரையில் ஊன்றி, மறு காலையும் எடுத்துவைத்து, நடந்தாள். அம்மா அதற்குள் அந்த இருக்கையைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.