சர்வீஸ் போர்ட் முகவரி

அப்ளை பட்டனை அமுக்கியதுதான் தாமதம், திரை அப்படியே உறைந்து நின்றது. அக்கா மறுபடியும் அமுக்கிப் பார்த்தாள், அசையவில்லை.

அந்தக் கல்லூரியில் மூலைக்கு மூலை தொங்கும் வைஃபை பெட்டிகளையெல்லாம் கட்டி மேய்ப்பது நூலக மாடியில் இருக்கும் ஒரே ஒரு கன்ட்ரோலர். அதற்குள் மாணவர்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று, விருந்தாளிகளுக்கு ஒன்று என்று தனித்தனி வாசல், இன்டர்ஃபேஸ் என்பார்கள். காலையிலிருந்து உட்கார்ந்து, புதிய ஆய்வகத்துக்கும் ஒன்று போட்டு முடித்திருந்தாள். எல்லாம் கச்சிதம். கடைசியில்தான் புத்தி புல் மேயப் போனது. கன்ட்ரோலரை நிர்வகிக்கவென்றே இருக்கும் மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸின் விலான் எண்ணை, அதாவது அதன் பாதை எண்ணை, மாற்றினாள். அவள் உள்ளே வந்த வாசலே அதுதான். பக்கத்து நெட்வொர்க் சுவிட்சில் புது எண்ணுக்கு வழி விடாமல் இங்கே மாற்றியதில், அவளும் வெளியே, கல்லூரியின் வைஃபையும் காலி.

"என்னம்மா, நெட் போயிடுச்சா?" என்று நூலகர் எட்டிப் பார்த்தார். "சாப்பிட்டு வந்ததும் பசங்க என் உயிரை வாங்குவாங்க."

"பத்தே நிமிஷம் சார்."

இதே தப்பை, கூடவே வேலை பார்த்த தம்பி செய்தபோதெல்லாம் அவனை என்ன பாடு படுத்தியிருக்கிறாள்! 'அவசரக்குடுக்கை' என்று பெயரே வைத்துவிட்டாள். அவன் சும்மா இருப்பானா, இவளை 'டீச்சரம்மா' ஆக்கினான். என்ன நாட்கள் அவை! இதே அறையில், இதே தரையில், மின்விசிறி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி வேலை பார்த்தார்கள். அவன் எண்ணைப் படிப்பான், இவள் தட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். நடுவில் அவன் ஏதாவது கதையளந்தால், "எண்ணை மட்டும் சொல்லு. வேலை நேரத்துல கதை கூடாது" என்பாள். பிளாஸ்க் மூடியில் ஒரே டீயை ஆளுக்குப் பாதி குடிப்பார்கள்.

பிறகு பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டது, அவன் கிளம்பினான். இவளுக்கு வந்ததே கோபம்! "போடா. உதவின்னு உனக்கு போன் போட்டேன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றாள். அதோடு சரி. விசேஷ வீடுகளில் பார்த்தால் "நல்லாருக்கியா", "நல்லாருக்கேன்". வேறு பேச்சில்லை.

எழுந்து கன்ட்ரோலரின் பின்பக்கம் போனாள். இதற்கென்றே ஒரு கொல்லைப்புற வாசல் உண்டு, சர்வீஸ் போர்ட். லேப்டாப்பை நேராக அதில் சொருகினால் உள்ளே போய்விடலாம். அதன் நாலு எண் முகவரி மட்டும் வேண்டும். அதுவும் அங்கேயே ஸ்டிக்கரில் இருந்தது, தம்பியின் கோணல்மாணல் கையெழுத்தில்.

வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் அந்த எழுத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எவ்வளவு தேடியிருக்கிறது அவனை! இதைவிட நல்ல சாக்கு இனி வாய்க்காது. யாரோ எவரோ மாதிரி பேசி வைத்துவிட்டான் என்றால் அப்புறம் முகத்தில் முழிக்கவே முடியாது. முழிக்காவிட்டால் போகிறது என்று போனை எடுத்தாள்.

"ஹலோ, யாரு பேசறது? பேர் சொல்லுங்க."

வேண்டுமென்றேதான் கேட்கிறான், படவா.

"பேரை மாத்திக்கிட்டேன்டா" என்றாள்.



"என்னக்கா உடைச்சே?"

"மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸ்."

"ஐயோ, டீச்சரம்மாவா! இதைக் கேக்கத்தானே தவம் கிடந்தேன்!" அவன் சிரித்த சிரிப்பில் அவள் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"சிரிச்சது போதும். சர்வீஸ் போர்ட் முகவரி என்னடா?"

"பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டினேனே. கிழிஞ்சுடுச்சா?"

அவள் விரல் ஸ்டிக்கர் மேல்தான் இருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லடா. இருக்கு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி, அடிச்சுக்கோ. நூத்தித் தொண்ணூத்திரண்டு."

"நூத்தித் தொண்ணூத்திரண்டு."

"நூத்தி அறுபத்தெட்டு."

"நூத்தி அறுபத்தெட்டு."

"நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு. நம்ம பழைய வீட்டு நம்பர்."

"எண்ணை மட்டும் சொல்லு. வேலை நேரத்துல கதை கூடாது."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. இன்னும் ஒரே ஒரு எண்தான் பாக்கி. அவன் சொல்கிற வழியாக இல்லை.

"டேய், கடைசி நம்பர்?"

"இரு அக்கா, என்ன அவசரம்?" என்றான் அவசரக்குடுக்கை.