வெள்ளையா, மஞ்சளா?

நாளை மறுநாள் காட்டுப் பாதையில் ஜீப் பந்தயம். ஓட்டப்போவது, வீடுகளுக்கு ஜிப்சம் கூரை போடும் சீலிங்காரரின் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப்போவது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கவலையில் சீலிங்காரருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

போன முறை அந்த சீட்டில் அவர்தான் இருந்தார். கண்மண் தெரியாத புழுதியில் "நேராப் போ, பாதைதான்" என்றார். ஜீப் போய்க் குளத்தில் இறங்கியது. தண்ணீர் முழங்காலைத் தொட்ட பிறகும், "பாதைதான், கொஞ்சம் ஈரமா இருக்கு" என்று சாதித்தார். ஒரு வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள். பம்பரில் கூடுதல் விளக்கு மாட்ட வேண்டும். புழுதிக்குச் சரியான நிற விளக்கைக் கொண்டுவருகிறவருக்கே சீட். போட்டிக்கு அவளுடைய அண்ணன், லாரி மெக்கானிக், மஞ்சள் விளக்கோடு வந்து நின்றார்.

சீலிங்காரர் கொண்டுவந்தது பளீர் வெள்ளை. ஜிப்சம் கூரையில் மயிரிழை மேடுபள்ளம் இருந்தாலும் அந்த வெளிச்சத்தில்தான் அவர் கண்டுபிடிப்பார்.

"மஞ்சள்ல எல்லாமே அழகாத்தான் தெரியும், மச்சான். குறை தெரியணும்னா வெள்ளைதான்."

"ஜீப்பு ஓடப்போறது கூரைமேல இல்ல, மாப்பிள்ளை!"

சீலிங்காரரின் பட்டறையில் புழுதிக்கா பஞ்சம்? மத்தியானமே ஷட்டரை இறக்கி இருட்டாக்கினார்கள். உள்ளே நின்ற ஜீப்பில் இரண்டு விளக்கையும் மாட்டி, பேட்டரியில் இணைத்தார்கள். ஆளுக்கொரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் ஃபேன் முன்னால் ஜிப்சம் பவுடரைக் கொட்டினார். சீலிங்காரர் கடைசிச் சுவரோரம் எண் எழுதிய அட்டையோடு நின்றார்.

முதலில் வெள்ளை. "என்ன நம்பர்?" என்று கத்தினார்.

"நம்பரா? முதல்ல நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள் ஜீப்புக்குள் இருந்த மனைவி. அவளுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரிந்தது. சுவர் பலமாகத் தும்மியது. அண்ணனும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு புதுப் பவுடர், மஞ்சள் விளக்கு.

"நாற்பத்தேழு. உங்க புருவம் நரைச்சுப் போச்சு."

புழுதி அடங்கியதால்தான் தெரிந்தது என்று சொல்லிவிடலாமா? சீலிங்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஓடி வந்து ஜீப்பில் ஏறி, மச்சானை அட்டையோடு நிற்கவைத்து, இரண்டு விளக்கையும் மாற்றி மாற்றித் தானே போட்டுப் பார்த்தார். மஞ்சளில் எண் தெரியத்தான் செய்தது.

"தப்பு. என் விளக்குதான் தப்பு. மஞ்சளே இருக்கட்டும்" என்றார். சீட் போச்சே என்று முனகிக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கினார்.

மெக்கானிக் ஆசையாக முன்கதவில் கை வைத்தார். தங்கை அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணே, விளக்கு உன்னுது. சீட்டு இவருக்கு."

"இது என்ன அநியாயம்?"

"போன தடவை குளத்துக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பாதைன்னு சாதிச்சாரு. இன்னிக்கு ரெண்டே நிமிஷத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. வழி சொல்றவருக்கு வேற என்ன வேணும்?"

மெக்கானிக் முறைத்துப் பார்த்தார். பவுடர் அப்பிய மாப்பிள்ளையைக் கண்டதும் முறைப்பு சிரிப்பாகிவிட்டது. வெள்ளையைப் பின்னால் மாட்டிவிடுகிறேன், ரிவர்ஸ் எடுக்க உதவும் என்றார்.

சீலிங்காரர் தாவி ஏறி பெல்ட்டை மாட்டினார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கிளப்பு! நேராப் போ!"

"ஷட்டர் மூடியிருக்குங்க."

"தப்பு!" என்றார் உடனே.