பீரோவில் இருந்த பதினொருவர்

டேனிஷ் நகரான சில்க்போர்க்கில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பாலேந்திரா, காலையில் தமது உடுப்பு அலுமாரியை இருமுறை தட்டி, சற்றுப் பொறுத்த பின்னரே திறப்பார். உள்ளே பதினொரு பெண்கள் இருந்தனர். சேலைத் தலைப்பைச் சரிசெய்ய அவர்களுக்கு அவகாசம் வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு தைமாதம் தொடங்கிய இவ்வழக்கம் ஒருநாளும் தவறியதில்லை.

அவர்கள் அங்கு வந்தது ஒரு சொல்லால். ஊரிலிருந்து மனைவியரை அழைக்க, அங்கு அகதிகளாக வந்திருந்த கணவன்மார் கொடுத்த விண்ணப்பங்கள் 'பெரோ'வில் உள்ளன என்று அரசிடமிருந்து டேனிஷ் மொழியில் கடிதம் வந்தது. இந்தியச் சஞ்சிகைகள் படித்து வளர்ந்த பாலேந்திரா, தமிழ்நாட்டாரைப் போல இந்நாட்டாரும் அலுமாரியைப் பீரோ என்கிறார்கள் என்று நம்பினார். "பயப்பிடாதேங்கோ, பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கினம்" என்று கணவன்மாரிடம் சொன்னார். விண்ணப்பங்கள் என்று சொல்லாமல் பெண்களையே சொல்லிவிட்டபடியால், மறுநாள் காலையில் அவருடைய அலுமாரியில் அவர்கள் இருந்தனர். அதே வேளையில் மட்டக்களப்பிலும் இருந்தனர். மாமாங்கம் என்பவரின் மனைவி நிரஞ்சலா அங்கிருந்து எழுதிய கடிதத்தில், கொஞ்ச நாளாகத் தன் தலைமுடியில் யாரோ ஒருவரின் கம்பளிக் கோட்டு மணக்கிறது என்றிருந்தது.

மூன்று வாரங்களின் பின் பாலேந்திரா அகராதியைப் பார்த்தார். அச்சொல்லின் பொருள், நிறுத்திவைக்கப்பட்டது என்பதே. அவரை நியமித்த அதிகாரி, கடிதத்திலுள்ளதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று முன்பே புன்னகையோடு சொல்லியிருந்தார். வேலை போய்விடுமென்று பாலேந்திரா அகராதியை மூடிவைத்தார். மாமாங்கம் மீன் தொழிற்சாலையிலிருந்து வாரந்தோறும் வந்து கேட்பார். பாலேந்திரா பீரோ என்பார். அலுமாரிக்குள் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பர்.

மறு ஆண்டு வசந்தத்தில், நீதி அமைச்சர் குடும்பங்கள் வருவதைத் தடுத்துவைத்தது சட்டத்துக்கு முரணானது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கவே தமிழர் சங்கம் கூடியது. ஒரு நாட்டின் சட்டத்துக்குத் தலைவராக இருப்பவரை மக்கள் தெரிவுசெய்வதா, மேலிடம் நியமிப்பதா என்று விவாதம் எழுந்தது. மல்லாகம் நீதிமன்றத்தில் முன்பு எழுதுவினைஞராயிருந்த சிவானந்தன் நியமனமே நல்லதென்றார். "வாக்குக் கேட்டு வாறவன் சனத்துக்குப் பிடிக்காத சட்டத்தைக் காப்பாத்துவானே?" முதியோர் இல்லத்தில் வேலைசெய்த மேரிகிறேஸ் விடவில்லை. "நியமிச்சா மட்டும்? பதவியில வெச்ச கையைப் பாத்துக்கிட்டுத்தானே இருப்பான்." இங்கே நீதி அமைச்சர் பெரும்பாலும் வாக்கும் பெற்று நியமனமும் பெறுகிறார் என்று சிவானந்தன் விளக்கினார். "அப்ப ரெண்டு பக்கமும் பயப்படணும், பாவம் மனுசன்" என்றாள் அவள். சபை சிரித்தது.

பாலேந்திரா சிரிக்கவில்லை, எழுந்தார்.

"என்னை ஒருத்தரும் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யேல்லை. அரசாங்கக் கந்தோர்தான் இந்த வேலையில வைச்சது. அந்தக் கதிரை போயிடுமெண்டு பயந்து ஒரு வருசத்துக்கு மேலா உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

சொல்லின் பொருளையும், அலுமாரியில் இருப்போரையும் அவர் ஒளிக்காமல் கூறினார். இனி மொழிபெயர்ப்பாளரை நாமே தெரிவுசெய்வோம் என்று சிவானந்தன் கொண்டுவந்த பிரேரணையை எவரும் கவனிக்கவில்லை. மாமாங்கம் மட்டும் பாலேந்திராவிடம் கேட்டார்.

"உள்ளுக்க இருட்டா கிடக்கா அண்ணன்?"

அன்று மாலையே பாலேந்திரா திருகாணிகளைக் கழற்றி அலுமாரிக் கதவை அகற்றினார். கணவன்மார் எதிரே நின்று கதைத்தார்கள். விசா இல்லாதபடியால் ஒருத்தியாலும் வெளியே காலெடுத்து வைக்க முடியவில்லை. மறுநாள் பாலேந்திரா பதவியைத் துறந்தார். முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரிக்குப் பதினொரு மனுக்களை எழுதி, ஒவ்வொன்றிலும் தமது பொய்யையும் பெயரோடு பதிந்தார். அனுப்புமுன் அலுமாரியின் முன்னால் நிலத்தில் அமர்ந்து, அவற்றை அப்பெண்களுக்குத் தமிழில் சொல்லுக்குச் சொல் வாசித்தார். நிரஞ்சலா குனிந்து தாளைப் பார்த்தாள்.

"என்ட பேரையும் பிழையா எழுதியிருக்கீங்க அண்ணன்."

அவர் அம்மனுவைக் கிழித்தார். ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்லச் சொல்ல, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினார்.